கிராப்லின் குடாவில் மூன்று சீழ்க்கை

ஃபோலீஸ் துறையிலிருந்து தெற்கே, கடலை ஒட்டியே போகும் நெடும்பாதையில், கிராப்லின் குடா வரையுள்ள பகுதியில் பறவைகளைக் கணக்கெடுக்கும் பொறுப்பு ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் கரீன் தம்பதியருக்கே உரியதாயிருந்தது. அதற்கு வேறு யாரும் போட்டியிட்டதில்லை. ஏற்றமும் இறக்கமும் சேறும் கொசுவும் நிறைந்த வழி அது. குடாவை அடைந்தாலோ, அங்கே மனித வாடையே கிடையாது. அரசாங்கம் ஊரைக் காலி செய்வித்தபின் எஞ்சியவை வீடுகளின் அடித்தளக் கற்களும், வேலி சாய்ந்த ஒரு கல்லறைத் தோட்டமுமே.

இவ்வாண்டு அத்தம்பதியரில் ஒருவர் இல்லை. சென்ற ஜூலையில், பாதையின் குறுக்கே விழுந்த மரங்களை அறுத்து அகற்றப் போன ஆம்ப்ரோஸ் கரீன் வீடு திரும்பவில்லை. அன்று மூடுபனி கடலையும் கரையையும் ஒன்றாக்கியிருந்தது. மறுநாள், அவருடைய கைரம்பம் குடாவுக்கருகே பாதையோர மரமொன்றில் சாய்த்து வைத்தபடியே கிடைத்தது. ஆள்தான் கிடைக்கவில்லை. படகுகள் தேடின, ஹெலிகாப்டர் தேடியது, ஊரே திரண்டு தேடியது. கடல் கொண்டுபோயிருக்கும் என்று காவல்துறையினர் முடிவு செய்தனர். கடைத்தெருவில் வேறொரு முடிவும் உலவிற்று. மனுஷன் எல்லாவற்றையும் உதறிவிட்டு நாட்டின் மறுகோடியிலுள்ள ஆல்பர்ட்டா எண்ணெய் வயல்களுக்குப் போய்விட்டானாம். அங்கே அவனுக்கு ஒருத்தி இருக்கிறாளாம்.

அவர் மனைவி லொரெட்டா இவ்விரண்டில் எதையும் ஏற்கவில்லை. ஏற்காததன் அடையாளமாக, ஏறத்தாழ ஓராண்டாகியும் இரங்கல் பூசைக்கு அவள் இசையவில்லை. உடல் இல்லாமல் வெறும் பெட்டியைக் கோயிலுக்குள் தூக்கி வருவதா என்று கேட்டாள். பாதிரியார் சொல்லிப் பார்த்தார். மகள்கள் தொலைபேசியில் அழுது பார்த்தனர். கடைசியாக ஆம்ப்ரோஸின் தம்பி ஜெரோம் வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, இசைவு கிடைக்கும்வரை எழுந்திருப்பதில்லை என்று சாதித்தபோது, லொரெட்டா ஒரு நிபந்தனை விதித்தாள்.

“கணக்கெடுப்புக்கு நான் குடா வரைக்கும் போவேன். அந்தப் பாதையில அவரைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தட்டுப்படலேன்னா, திரும்பி வந்து சரின்னு சொல்றேன். ஞாயித்துக்கிழமையே வச்சுக்கோங்க.”

“தனியா போகக்கூடாது அண்ணி. நானும் வரேன்.”

“உனக்குக் காக்காய்க்கும் கடற்காக்காய்க்கும் வித்தியாசம் தெரியாதே.”

“ஒண்ணு கறுப்பு, ஒண்ணு என் மதியச் சாப்பாட்டைத் திருடும். தெரியாதா என்ன?”

இவ்வாறு அவ்விருவரும் புறப்பட்டனர். லொரெட்டாவின் கழுத்தில் தொலைநோக்கி தொங்கியது. ஜெரோமின் சட்டைப்பையில் ஒரு ரொட்டித் துண்டு இருந்தது. அதை அவன் பசிக்கென்று வைத்திருக்கவில்லை என்பது லொரெட்டாவுக்குத் தெரியும். காட்டு வழியில் போகிறவர்களைத் திசை தப்பச் செய்யும் மாயச் சின்ன மனிதர்களை அந்தக் கரையில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. ‘அந்த நல்லவங்க’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பையில் ரொட்டி இருந்தால் அந்த நல்லவர்கள் அதை வாங்கிக்கொண்டு ஆளை விட்டுவிடுவார்கள் என்பது ஐதீகம்.

“அறுபது வயசாச்சு, இன்னும் ரொட்டி வச்சிருக்கே,” என்றாள் லொரெட்டா.

“அதனாலதான் அண்ணி அறுபது வயசாச்சு.”

பறவைக் கணக்கெடுப்பில் கண்ணுக்கு வேலை குறைவு. தேவதாரு மரங்கள் அடர்ந்த அந்தக் கரையில், பத்துப் பறவைகளுள் ஒன்றைக் காண்பதே அரிது. ஆகவே பாதையில் குறிக்கப்பட்ட இடங்களில் ஐந்து நிமிடம் அசையாமல் நின்று, காதில் விழும் ஒவ்வொரு குரலையும் இன்ன பறவை என்று தெளிந்து, ஆட்காட்டி விரலால் திசையையும் குறித்துக்கொள்ள வேண்டும். லொரெட்டாவின் காது அத்துறை முழுவதிலும் பெயர் பெற்றது. இலை உரசும் ஒலிக்கும் இலைக்கதிர்க்குருவியின் ஒலிக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைத் தூக்கத்திலும் சொல்லக்கூடியவள் என்பர். கேட்டமாத்திரத்தில் பெயர் நாவில் வந்துவிடும். பெயர் வந்தபின் அவ்வொலியைப்பற்றி அவள் இரண்டாம் முறை எண்ணுவதில்லை.

முதல் இடத்தில் நின்று முடித்ததும் ஜெரோம் கேட்டான்.

“அந்த அஞ்சு நிமிஷத்துக்கு நான் மூச்சு விடலாமா?”

“தாராளமா விடு. ஆனா அந்த விசில் சத்தத்தைக் குறைச்சுக்கோ. உன்னையும் ஒரு பறவைன்னு எழுதப் பார்த்தேன்.”

“என்ன பறவை?”

“இந்தப் பக்கம் இதுவரைக்கும் வராத பறவை. பெரிசு. பறக்காது.”

ஜெரோம் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்தபின், எதற்காக வந்திருக்கிறோம் என்ற நினைவு வந்ததுபோலத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். பாதை செங்குத்தான பாறைவிளிம்பில் ஏறிற்று. கீழே அலைகள் குகைகளுக்குள் புகுந்து இடிக்கும் ஓசை, யாரோ நிலத்தடியில் கதவுகளை மூடிக்கொண்டே போவதுபோல் கேட்டது.

“பெட்டிய வெறுமையா விடமாட்டோம் அண்ணி,” என்று மெல்லத் தொடங்கினான். “அண்ணனோட தொப்பி, பூட்ஸ், அவர் என்கிட்ட தோத்த அந்தச் சீட்டுக்கட்டு, எல்லாம் வைக்கலாம்.”

“கூடவே உன்னையும் வச்சிடறேன். தூக்குறவங்களுக்குக் கனம் சரியா இருக்கும்.”

“சிரிப்புக்குச் சொல்லலே.”

“நானும் சிரிப்புக்குச் சொல்லலே, ஜெரோம். ஆறு பேர் தோள்ல தூக்கிட்டு வருவாங்க. எல்லாருக்கும் தெரியும் உள்ளே ஒண்ணும் இல்லேன்னு. தூக்குறவன் நடையிலேயே தெரிஞ்சிடும். அதைப் பார்த்துட்டு நான் எப்படி அழறது?”

ஓர் உயரமான இடத்தில் இருவரும் உட்கார்ந்து, பாகு ரொட்டியும் வெண்ணெயும் தின்று, தேநீர் அருந்தினர். அங்கிருந்து பார்த்தபோது கடல்மேல் மூடுபனி ஒரு சுவரைப்போல் எழுந்து கரையை நோக்கி நகர்ந்து வருவது தெரிந்தது. கோப்பைகளைக் கழுவி முடிப்பதற்குள் அது அவர்களையும் அவர்கள் நடந்துவந்த பாதையையும் விழுங்கிவிட்டது. மூன்று மரங்களுக்கு அப்பால் உலகம் இல்லை.

“திரும்பிடலாமா?” என்றான் ஜெரோம்.

“இன்னும் ரெண்டு இடம்தான் பாக்கி. காதுக்கு மூடுபனி என்ன செய்யும்?”

கிராப்லின் குடாவுக்கு மேலுள்ள மேட்டில்தான் அவள் அதை முதன்முதலாகக் கேட்டாள்.

வெண்கழுத்துச் சிட்டின் பாட்டு அந்தக் கரையில் பிறந்த எவருக்கும் தெரிந்தது. தெளிந்த சீழ்க்கையாக நீண்ட இரண்டு சுரங்கள். அவற்றைத் தொடர்ந்து நடுங்கித் துள்ளும் ஒரு முடிப்பு. ஆம்ப்ரோஸ் அதை உதட்டாலேயே ஊதுவதில் வல்லவர். அவர் ஊதினால், தன் எல்லைக்குள் எவனோ ஓர் அயலான் புகுந்துவிட்டான் என்று ஆண்சிட்டு சினந்து கிளைக்கு வரும். பாதையில் செல்வோர் ஆபத்துக்கென்று கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஊதலை அவர் எடுத்துக்கொண்டு போனதே இல்லை. “உதடு இருக்கும்போது அது எதுக்குடி?” என்பார்.

இப்போது மூடுபனிக்குள்ளிருந்து வந்த பாட்டில் முதல் இரண்டு சுரங்களும் வழக்கம்போலவே இருந்தன. துள்ளும் முடிப்பு மட்டும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரே அளவாய், ஒரே சுருதியில், மூன்று சீழ்க்கைகள் கேட்டன. பிறகு ஒரு மௌனம். மறுபடியும் மூன்று.

லொரெட்டாவின் முகம் மலர்ந்தது. ஓராண்டுக்குப் பின் அம்முகத்தில் ஜெரோம் கண்ட முதல் மலர்ச்சி அது.

“என்ன அண்ணி?”

“உஸ்!” அவள் விரலை உயர்த்தினாள். ஐந்து நிமிடம் முடிந்ததும் தாழ்ந்த குரலில் கூறினாள்: “வெண்கழுத்துச் சிட்டுதான். ஆனா முடிப்பு வேற. போன வருஷம் தேடுறப்ப இங்கேயே ஒரு குஞ்சு இப்படிப் பாடப் பழகிட்டிருந்தது. அதே குஞ்சுதான் பெரிசாகி வந்திருக்கு. என்ன அதிசயம் பாரு, கத்துக்கிட்ட தப்பை விடவே இல்லை!”

“நம்ம குடும்பத்துப் பிள்ளை போலிருக்கு.”

அவளும் சிரித்தாள். இருவரும் குடாவை நோக்கி இறங்கினர்.

பத்தடி இறங்கியிருக்கமாட்டார்கள். இடப்புறத்திலிருந்து அதே பாட்டு எழுந்தது. இது வேறொரு சிட்டு; குரல் சற்றுக் கனத்தது. இரண்டு நீண்ட சுரங்கள், மூன்று சீழ்க்கை, மௌனம், மூன்று சீழ்க்கை. அது முடியுமுன்னே முந்தைய சிட்டு விடை கொடுத்தது. அப்பால், கடலுக்கு நேர்மேலே, மூன்றாவது ஒன்று தொடங்கிற்று. மூடுபனியில் திசைகள் கரைந்து, முன்னும் பின்னும் பக்கத்திலும் மும்மூன்றாய்ச் சீழ்க்கை எழுந்துகொண்டேயிருந்தது. குடாவில் வந்து விழும் ஆற்றுக்கு அப்புறத்திலிருந்து மட்டும், தொலைவில், பழைய பாட்டு பழைய முடிப்புடன் கேட்டது.

லொரெட்டாவின் சிரிப்பு நின்றது.

ஒரு குஞ்சு பிழையாகப் பாடலாம். மூன்று குஞ்சுகள் ஒரே பிழையைச் செய்யா. சிட்டுக்குஞ்சு தன் பாட்டை வயிற்றிலிருந்து கொண்டுவருவதில்லை. பிறந்த முதற்கோடையில், தன் கூட்டைச் சுற்றி ஓயாமல் எந்தக் குரல் ஒலிக்கிறதோ அதையே மனத்தில் பதித்துக்கொண்டு மறுவேனிலில் வாய் திறக்கும். அப்படியானால் சென்ற ஜூலையில் இவ்விடத்துக் கூடுகளைச் சுற்றி ஏதோவொன்று மும்மூன்றாய் ஒலித்திருக்க வேண்டும். ஒருநாள் கேட்டால் பதியாது. இருநாள் கேட்டாலும் பதியாது. காலையும் மாலையும் இடைவிடாமல் ஒலித்திருக்க வேண்டும். எந்தப் பறவையும் அவ்வாறு பாடுவதில்லை.

மூன்று, நிறுத்தம், மூன்று. பாதைக்கு வரும் ஒவ்வொரு புதுக் கூட்டத்துக்கும் லொரெட்டாவே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ‘விழுந்துட்டாலோ வழி தவறிட்டாலோ கத்தாதீங்க, தொண்டை போயிடும். மூணு தடவை ஊதுங்க, நிறுத்துங்க, மறுபடியும் மூணு. யாராவது வருவாங்க.’

அவள் ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டாள்.

தேடுதலின்போது, இதே மேட்டில், எல்லோரும் கத்துவதை நிறுத்திவிட்டுச் செவிகொடுக்கும்படி அவளுடன் தேடிய அணியின் தலைவர் ஒரு கணம் கையமர்த்தினார். அவர் நகரத்திலிருந்து வந்த இளம் காவலர். அந்த அமைதியில், எங்கோ கீழிருந்து, மெல்லியதாய் மூன்று சீழ்க்கை கேட்டது. காவலர் திடுக்கிட்டுத் திரும்பி, “அது என்னம்மா சத்தம்?” என்று அவளைத்தான் கேட்டார்; அங்கு நின்றோருள் குரலறியும் காது உள்ளவள் அவளே. அவள் ஒரு நொடியும் தயங்கவில்லை. “அது வெண்கழுத்துச் சிட்டு. இந்த வருஷத்துக் குஞ்சு, இப்பத்தான் பாடப் பழகுது,” என்றாள். காவலர் தலையசைத்தார். அணி அடுத்த மேட்டுக்கு நகர்ந்தது. நகரும்போது அந்தச் சீழ்க்கை மறுபடியும் கேட்டது. தன் சொல் சரியென்று உறுதிப்பட்டதாகவே அவள் அன்று எண்ணிக்கொண்டாள்.

ஆயிரம் முறை சிட்டைப்போல் ஊதிப் பழகிய உதடு, சாகும் தறுவாயிலும் சிட்டின் குரலிலேயே ஊதியிருக்கிறது.

“அண்ணி! முகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?”

“ஒண்ணுமில்லே.”

“எனக்கு இது சரியாப்படல.” ஜெரோம் சுற்றிலும் பார்த்தான். அவன் கை தானாகச் சட்டைப்பையிலுள்ள ரொட்டியைத் தேடிற்று. “பறவை மாதிரி இல்லை. யாரோ நாலா பக்கமும் நின்னு நம்மளக் கூப்பிடுற மாதிரி இருக்கு. இது அந்த நல்லவங்க வேலை. வாங்க, பாதைய விட்டு இறங்காம வந்த வழியே போயிடலாம்.”

“நீ இங்கேயே நில்லு,” என்று கூறிவிட்டு அவள் பாதையை விட்டு இறங்கினாள்.

சீழ்க்கை எங்கு மிகுந்ததோ அங்கு நடந்தாள். குறைந்தால் நின்று, மிகுந்த பக்கம் திரும்பினாள். கணக்கெடுப்பில் விரலால் திசை குறிக்கும் பழக்கம் அவளையறியாமலே கையை நீட்டச் செய்தது. ஒன்று இதோ, ஒன்று அதோ, இன்னொன்று விளிம்பில். மூன்றும் ஒரு வளையமாக நின்றன. வளையத்தின் நடுவே, கடற்பாறையில் வெடித்த ஒரு குறுகிய பிளவு இருந்தது. அதன் வாய் முழுவதையும் ‘டக்கமோர்’ மூடியிருந்தது. கடற்காற்றால் தரையோடு தரையாக வளைந்து, கிளையோடு கிளை பின்னி, ஆள் மேலே நடந்தாலும் பெரும்பாலும் தாங்கும்படி இறுகிப்போன குட்டைத் தேவதாருக்களை அவர்கள் அப்படித்தான் அழைத்தனர். மேலிருந்து நோக்குவோர்க்கு அங்கே பிளவு இருப்பதே தெரியாது. கடலிலிருந்து நோக்கினால் முன்னே நீண்ட பாறை அதை மறைத்துவிடும்.

பின்னால் கிளைகள் முறிந்தன. ஜெரோம் மூச்சுவாங்க வந்து நின்றான்.

“நில்லுன்னு சொன்னேனே.”

“அண்ணனைத்தான் தனியா விட்டோம். உங்களையுமா விடுவேன்?” அவன் கையில் ரொட்டித் துண்டு இருந்தது. அதை நான்காய்ப் பிய்த்து நாற்புறமும் எறிந்தான். “இந்தாங்கப்பா, சாப்பிடுங்க, எங்களை விடுங்க.”

லொரெட்டா முழங்காலிட்டு, டக்கமோரின் அடியில் தலையை நுழைத்தாள். உள்ளே வெளிச்சம் பச்சையாக இருந்தது. வேர்களைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாகக் கால்வைத்து இறங்கினாள். அவள் நினைத்த அளவு ஆழம் இல்லை. இரண்டு ஆள் உயரம்தான் இருக்கும். அடியில் ஒரு பாறைத்திட்டும், அதன்மேல் வளைந்து கவிந்த பாறைக்கூரையும் இருந்தன.

அங்கே ஆம்ப்ரோஸ் இருந்தார்.

பூட்ஸ்கள் இருந்தன. ஒரு காலின் திசை மற்றதன் திசையோடு ஒத்திருக்கவில்லை. முதுகைப் பாறையில் சாய்த்து, முகத்தைக் கடல் இருக்கும் பக்கமாகத் திருப்பியபடி, அவருடைய உடைக்குள் அவரில் எஞ்சியது உட்கார்ந்திருந்தது. லொரெட்டா அழவில்லை. நெடுந்தொலைவு நடந்து வந்தவள் சேரவேண்டிய இடம் சேர்ந்ததும் உட்காருவதுபோல அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து அவர் தோளிலிருந்த தேவதாரு ஊசியிலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

அப்போதுதான் அந்தக் கோப்பையைக் கண்டாள். ஓடையில் நீர் மொண்டு குடிக்க இடுப்பில் அவர் தொங்கவிட்டிருக்கும் தகரக் கோப்பை அது. அவர் வலக்கைக்கு எட்டும் இடத்தில், பாசியின்மேல், நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. பாறைக்கூரையிலிருந்து நீர் அதனுள் ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கோப்பை நிறைந்து, விளிம்பில் வழிந்து, பாசியை நனைத்தது.

விழுந்த அன்றே இறந்தவன் நீருக்குக் கோப்பை வைக்கமாட்டான்.

மேலே கிளைகள் அசைந்தன. “அண்ணி! என்ன இருக்கு அங்கே? பதில் சொல்லுங்க! நான் இறங்கி வரேன்!”

அவள் கோப்பையை எடுத்தாள். நீரைக் கொட்டினாள். அதைத் தன் தோள்பையின் அடியில், கம்பளித் தொப்பிக்குள் சுருட்டி வைத்துவிட்டுக் குரல் கொடுத்தாள்: “மெதுவா வா, ஜெரோம். வேரைப் பிடிச்சுக்கிட்டு வா. கண்டுபிடிச்சிட்டேன்.”

ஜெரோம் இறங்கி வந்தான். வந்தவன் ஓரடியும் எடுத்து வைக்காமல் நின்றான். அவன் வாயிலிருந்து, அவன் பருமனுக்குப் பொருந்தாத மெல்லிய ஓர் ஒலி வந்தது. பிறகு மண்டியிட்டு, தமையனின் மார்பைக் கைநீட்டித் தொட்டான்.

“சட்டைய பாருங்க அண்ணி. திருப்பிப் போட்டிருக்காரு.”

உண்மைதான். ஹெலிகாப்டரிலிருந்து தெரியட்டும் என்றே மகள்கள் வாங்கிக்கொடுத்த ஆரஞ்சு நிற மேற்சட்டை அது. இப்போது அதன் சாம்பல்நிற உட்புறம் வெளியே இருந்தது. பாறைக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை.

“மூடுபனியில வழி தவறினா சட்டையத் திருப்பிப் போட்டுக்கணும், அந்த நல்லவங்க அடையாளம் தெரியாம விட்டுடுவாங்கன்னு எங்கம்மா சொல்லுவாங்க,” என்றான் ஜெரோம். “இவரு அதைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பாரு. என்னைக் கோழைன்னுவாரு. கடைசியில இவரும்தான் பயந்திருக்காரு.” அவன் அழத் தொடங்கினான். “யாருக்கும் அடையாளம் தெரியாமயே போயிட்டாரே அண்ணி!”

லொரெட்டா அவன் முதுகில் கைவைத்தாள். சற்று ஆறியபின் அவன் மேலே ஏறி, கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் இடம்வரை சென்று, கடற்காவல் நிலையத்துக்குப் பேசிவிட்டுத் திரும்பினான். மூடுபனி கலையத் தொடங்கியிருந்தது. படகு வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்களாம். இருவரும் பாறைத்திட்டில், ஆம்ப்ரோஸுக்கு இருபுறமுமாக அமர்ந்து காத்திருந்தனர்.

“ஞாயித்துக்கிழமையே வச்சுக்கலாம்,” என்றாள் லொரெட்டா. “பாதிரியார்கிட்ட நீயே சொல்லிடு.”

“சொல்றேன்.”

மேலே விளிம்பில் ஒரு சிட்டு பாடிற்று. இரண்டு நீண்ட சுரங்கள். மூன்று. மௌனம். மூன்று.

“அண்ணி.” ஜெரோம் அவளைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டான். “விழுந்த உடனேயே போயிருப்பாரு இல்லே? ரொம்ப நேரம் கிடந்திருக்கமாட்டாரே?”

இக்கேள்வி வரும் என்பதை அவள் அறிந்தேயிருந்தாள். அதற்குரிய விடையை அவள் தலைக்குமேலே மூன்று பறவைகள் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தன. ஒரு குஞ்சின் மனத்தில் ஒரு பாட்டு பதிய எத்தனை விடியல்கள் வேண்டும் என்பதை அவளைவிட நன்கறிந்தவர் அந்தக் கரையில் யாருமில்லை. அக்காவலருக்குத் தான் அளித்த மறுமொழியும், அளிக்கும்போது தன் குரலில் இருந்த உறுதியும் அவளுக்குக் கேட்டன.

“உடனே,” என்றாள். “தலை பாறையில பட்டிருக்கும். ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது அவருக்கு.”

“சரி,” என்றான் ஜெரோம்.

நீர் சொட்டிக்கொண்டிருந்தது. இப்போது அதை ஏந்தக் கோப்பை இல்லாமையால், சொட்டு பாசியில் விழும் ஓசை வேறாக இருந்தது. ஜெரோமின் பார்வை அவ்வோசையைத் தேடிச் சென்றது. தமையனின் வலக்கை எலும்புகளுக்கருகே, பச்சைப் பாசியின் நடுவில், வெளிறிப்போன ஒரு வட்டம் இருந்தது. அவன் அதை நெடுநேரம் பார்த்தான். பிறகு கையை நீட்டி, உள்ளங்கையைக் குழித்து, அச்சொட்டுக்கு அடியில் பிடித்தான். கை நிறையும்வரை பிடித்தபடியே இருந்தான்.

சிட்டு மறுபடியும் தொடங்கிற்று. ஜெரோம் தலையை நிமிர்த்திக் கேட்டான். முதல் மூன்றைக் கேட்டான். மௌனத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அடுத்த மூன்றையும் கேட்டான். அவன் கையிலிருந்த நீர் விரலிடுக்கில் ஒழுகிப் போயிற்று. லொரெட்டா தன் தோள்பையை மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

“எல்லார்கிட்டயும் அப்படியே சொல்லிடுவோம் அண்ணி,” என்றான் அவன், நெடுநேரம் கழித்து. “உடனேன்னே சொல்லிடுவோம். பொண்ணுங்ககிட்டயும்.”

அவள் தலையசைத்தாள்.

அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு, சிலுவைக்குறி இட்டுக்கொண்டு, இறந்தோருக்கான செபத்தைச் சொல்லத் தொடங்கினான். லொரெட்டாவும் உடன் சொன்னாள். கீழே, பாறைமுனைக்கு அப்பால், படகின் இயந்திர ஒலி கேட்கலாயிற்று. மேலே விளிம்பில், இடப்புறத்தில், கடற்பக்கத்தில் என்று சிட்டுகள் ஒன்றுக்கொன்று விடை கொடுத்துக்கொண்டிருந்தன. அவை தொடங்கும்போதெல்லாம் ஜெரோமின் குரல் உயர்ந்தது. உயர்ந்து உயர்ந்து, இறுதியில் அது செபமாக இல்லாமல் கூச்சலாகவே ஆகிவிட்டது. படகில் வந்தவர்கள், ஆபத்தில் யாரோ உதவிக்குக் கத்துகிறார்கள் என்றெண்ணி, இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டினார்கள்.